விட்டுப்போன ‘ஆம்’

போன ஞாயிற்றுக்கிழமை நீங்கள் இருவரும் என் வீட்டுக்கு வந்தபோது, துபாஷி வேலையில் மொழிபெயர்க்க மிகவும் கஷ்டமான சொல் எது என்று கேட்டீர்கள். சட்டப் புத்தகத்துச் சொல் ஒன்றைச் சொல்வேன் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். நான் ‘ஆம்’ என்றேன். கேள்விக்குத்தான் ஆமாம் போடுகிறேன் என்று நினைத்துச் சிரித்தீர்கள். அதற்குள் மழை பிடித்துக்கொண்டது, நீங்களும் டிராமைப் பிடிக்க ஓடிவிட்டீர்கள். சொல்லாமல் விட்டதை எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

நான் சொன்னது ‘சரி’ என்று பொருள்படும் ஆம் அல்ல. வினைச்சொல்லின் வாலில் ஒட்டிக்கொண்டு வருமே, அந்த ஆம். ‘அடுத்த வீட்டில் கல்யாணமாம்’ என்கிறோம். நான் பார்க்கவில்லை, யாரோ சொன்னார்கள், உண்மைக்கு நான் பொறுப்பில்லை. இவ்வளவும் அந்த ஒரு வாலுக்குள் இருக்கிறது. அதே வாலைக் கொஞ்சம் குரலை மாற்றிச் சொன்னால் பொருளே வேறு. ‘இவர் பெரிய ஜமீன்தாராம்!’ என்றால், கேள்விப்பட்டேன் என்று அர்த்தமில்லை. நான் நம்பவில்லை, நீயும் நம்பாதே என்று அர்த்தம். பிறர் சொன்னதை எடுத்துச் சொல்வதற்கும் பிறர் சொன்னதைப் பார்த்துச் சிரிப்பதற்கும் நமக்கு ஒரே வால்தான். எது எது என்று தொண்டை சொல்லும், காகிதம் சொல்லாது.

இது எனக்குப் பிறந்ததிலிருந்தே தெரியும். திருநெல்வேலிப் பக்கத்தில் வளர்ந்தவனுக்கு ஏளனம் செய்யத் தனியாகப் பாடம் வேண்டாம். தெரிந்திருந்தும் கோட்டை விட்டேன் என்பதுதான் கதை.

இந்த நூற்றாண்டு பிறந்த சில வருஷங்களுக்குள் நடந்தது. குதிரை டிராம் போய் மின்சார டிராம் வந்திருந்த சமயம். கல்கத்தாவின் ஒரு போலீஸ் கோர்ட்டில் எனக்குத் தமிழ்த் துபாஷி வேலை கிடைத்திருந்தது. கிதர்பூர்த் துறைமுகத்துக் கப்பலாட்கள், ஹவுராப் பக்கத்து ரயில்வே ஆட்கள், வெள்ளைக்காரர் வீடுகளில் வேலை பார்க்க மெட்ராஸிலிருந்து வந்த சமையல்காரர்கள், ஆயாக்கள் என்று தமிழ் பேசுகிறவர்கள் வாரத்துக்கு இரண்டு மூன்று பேராவது வருவார்கள். வேலை ஆறு மாதத்துக்குத் தற்காலிகம். துரைக்குத் திருப்தியானால் நிரந்தரம். நான் சொல்லப்போகும் வழக்கு வந்தபோது என் மனைவிக்கு ஏழாம் மாதம்.

துரை என்றால் மாஜிஸ்திரேட். நல்ல மனிதர், ஆனால் பொறுமை கிடையாது. முதல் வாரமே என்னைக் கடிந்துகொண்டார். ஒரு கப்பலாள் வளைத்து வளைத்துப் பேசியதை நான் அப்படியே ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டிருந்தேன். “அவன் உமியும் தவிடுமாகக் கொட்டுகிறான். எனக்கு அரிசியை மட்டும் கொடு” என்ற கருத்தில் ஏதோ சொன்னார். அன்றிலிருந்து நான் புடைக்க ஆரம்பித்தேன். நீட்டி முழக்குவதையெல்லாம் தள்ளிவிட்டு, நடந்தது என்ன என்பதை மட்டும் சொல்வேன். துரை பேனாவை நிறுத்தாமல் எழுதுவார். நாலு மாதத்தில் இரண்டு முறை தலையை ஆட்டிப் பாராட்டினார். எனக்குக் கர்வம் ஏறிவிட்டது.

அந்த நாலாவது மாதத்தில்தான் ஆரோக்கியம் அம்மாளின் வழக்கு வந்தது.

பாலிகஞ்ச் தோட்ட வீடு ஒன்றில் ஆயாவாக இருந்தவர். நாற்பது வயது இருக்கும். சாந்தோம் பக்கத்து ஊர். அந்த வீட்டுக் குழந்தை பிறந்ததிலிருந்து மூன்று வருஷமாக வளர்த்துவந்தார். ஒருநாள் காலை குழந்தையின் கழுத்துத் தங்கச் சங்கிலியைக் காணோம். ஆயாதான் எடுத்துப் படகுக்காரன் ஒருவனிடம் கொடுத்தனுப்பினாள் என்று புகார். சங்கிலி அகப்படவில்லை. எடுத்ததைப் பார்த்ததாக முதலில் சொன்னவன் அந்த வீட்டு மாலி, தோட்டக்காரன். அவன் விசாரணைக்கு முன்பே ஊருக்குப் போய்விட்டான், திரும்பவில்லை. வீட்டு வேலையாட்களில் மிச்சமிருந்த சாட்சி சமையல்காரர் சின்னப்பன் ஒருவர்தான். அவரும் மெட்ராஸ்காரர்.

சின்னப்பன் கூண்டில் ஏறினார். சங்கிலியைப் பற்றி என்ன தெரியும் என்று போலீஸ் தரப்பில் கேட்டார்கள். நான் தமிழில் கேட்டேன்.

“ஆயா சங்கிலிய எடுத்தாளாம், முந்தானையில முடிஞ்சாளாம், படகுக்காரன் கையில குடுத்தாளாம். நல்லா கீது கதை!” என்றார் சின்னப்பன்.

நான் புடைத்தேன். ஆங்கிலத்தில் துரையிடம் சொன்னது இதுதான்: ஆயா சங்கிலியை எடுத்தாள், புடவையில் முடிந்துகொண்டாள், படகுக்காரனிடம் கொடுத்தாள்.

மூன்று ‘ஆம்’களும் போயின. ‘நல்லா கீது கதை’ என்பதை உமி என்று ஊதித் தள்ளிவிட்டேன். துரை எழுதிக்கொண்டார்.

குற்றவாளிக் கூண்டில் இருந்த ஆரோக்கியம் அம்மாள் திடீரென்று என் பக்கம் திரும்பினார்.

“ஐயா, அவரு எடுத்தாளாம்னுதான சொன்னாரு? நீங்க எடுத்தான்னு சொல்லிட்டீங்களே. ‘தே சே’ன்னு சொல்ல வேணாமா? அந்த ஆம் எங்க போச்சு?”

‘தே சே’ என்றால் ஆங்கிலத்தில் ‘சொல்கிறார்கள்’. அவர் இருபது வருஷம் வெள்ளைக்காரர் வீடுகளில் இருந்தவர். பேச வராவிட்டாலும் கேட்டால் புரியும். எனக்கு அது தோன்றவே இல்லை.

துரை பேனாவை நிறுத்தி, “அவள் என்ன சொல்கிறாள்?” என்று என்னைக் கேட்டார்.

தம்பிகளே, இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். அந்தப் பெண்மணி புகார் சொல்வது என்மேல். அந்தப் புகாரைத் துரையிடம் எடுத்துச் சொல்ல அந்த மண்டபத்தில் என்னைத் தவிர ஆள் கிடையாது. நான் என்ன சொன்னாலும் அதுதான் அவர் சொன்னதாகப் பதிவாகும். இப்படிப்பட்ட அதிகாரம் வைஸ்ராய்க்குக்கூட இருந்திருக்காது.

“தான் நிரபராதி என்கிறாள்” என்றேன்.

அந்த அம்மாளுக்கு அதுவும் புரிந்தது. “நோ, நோ, சார்” என்று அவரே துரையைப் பார்த்து ஏதோ சொல்ல வாயெடுத்தார். அரைகுறை ஆங்கிலம் துரைக்குப் பிடிக்காது. சொந்தப் பாஷையில் துபாஷி மூலமாகப் பேசச் சொல்லி அதட்டினார். அந்த அம்மாள் வாயை மூடிக்கொண்டு என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பேன். தெருவில் தெரியாத மனிதரிடம் வழி கேட்டுவிட்டுப் பதிலுக்கு நிற்பார்களே, அப்படிப் பார்த்தார்.

டிபனுக்குக் கோர்ட் கலைந்தது.

வராந்தாவில் மனைவி கட்டிக்கொடுத்த தயிர்சாதத்தைத் திறந்து வைத்துக்கொண்டு சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தேன். எனக்கு நானே வழக்காடினேன். சின்னப்பன் சொன்னதன் சாரம் அதுதானே? ‘ஆம்’ ஒரு எழுத்து ஒன்றரை எழுத்து, அதற்காக வேலையைத் தொலைப்பதா? நிரந்தரமாக இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது. பிள்ளை பிறக்கப்போகிறது. பிழை செய்தேன் என்று சொன்னால் துரை என்னை நம்புவாரா, நாளைக்கு எந்த வழக்கிலாவது நம்புவாரா? இப்படியே போயிற்று. ஆனால் ‘நல்லா கீது கதை’ என்று சின்னப்பன் சொன்ன குரல் மட்டும் காதைவிட்டுப் போகவில்லை. அப்போதுதான் எனக்குச் சுரீரென்று உறைத்தது. அவர் கேள்விப்பட்டதைச் சொல்லவில்லை. கேலி செய்திருக்கிறார். ஆயா எடுத்தாளாம், நான் அதை நம்ப வேண்டுமாம் என்ற தொனி. அந்த அம்மாளுக்கு ஆதரவாக வந்த ஒரே சாட்சியை நான் அவருக்கு எதிராகத் திருப்பி வைத்திருந்தேன்.

பெஷ்கார் பாபு அந்தப் பக்கம் வந்தார். துரைக்குக் கீழே உட்கார்ந்து வழக்குக் கட்டுகளைப் பார்த்துக்கொள்ளும் வங்காளிக் குமாஸ்தா அவர். தமிழில் ஒரு சொல் தெரியாது. நாங்கள் இந்துஸ்தானியில்தான் பேசிக்கொள்வோம்; என்னைக் கூப்பிடுவது மட்டும் வங்காளிகள் ஐயா என்பதற்குச் சொல்லும் ‘மொஷாய்’. கையில் வெற்றிலைச் சுருளோடு என் எதிரில் நின்றார்.

“மொஷாய், ஒன்று கேட்கிறேன். நிரபராதி என்று சொல்கிறவர்கள் துரையைப் பார்த்துத்தான் சொல்வார்கள். எத்தனை பேரைப் பார்த்திருக்கிறேன்! அந்த ஆயா உம்மைப் பார்த்தல்லவா சொன்னாள்?”

எனக்கு மறைக்கத் தோன்றவில்லை. நடந்ததையெல்லாம் சொன்னேன். அவர் திட்டவும் இல்லை, தேற்றவும் இல்லை. வெற்றிலையை வாயில் போட்டுக்கொண்டார்.

“துரை திரும்பி வந்து உட்கார்ந்ததும் அடுத்த சாட்சியைக் கூப்பிடுவதற்கு முன் கொஞ்சம் கட்டுகளைப் புரட்டுவேன். ஒரு நிமிஷம் பிடிக்கும். நீர் பேசுவதானால் அப்போது பேசும். பேசாவிட்டால் நான் சாட்சியைக் கூப்பிட்டுவிடுவேன்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர் சொன்னபடியே கட்டுகளைப் புரட்டினார். வேண்டுமென்றே ஒன்றைக் கீழே போட்டு எடுத்தார் என்றுகூட எனக்குச் சந்தேகம். நான் எழுந்து நின்றேன். சாட்சி சொன்னதைத் தவறாக மொழிபெயர்த்தேன் என்றும், குற்றம் சாட்டப்பட்டவர் அதைச் சுட்டிக் காட்டியபோது அதையும் மறைத்தேன் என்றும் சொன்னேன்.

துரை காலையில் எழுதியதைத் திருப்பிப் பார்த்தார். பிறகு, “காலையில் ஒன்று சொன்னாய், இப்போது ஒன்று சொல்கிறாய். இந்த மண்டபத்தில் வேறு யாருக்கும் உன் பாஷை தெரியாது. இரண்டில் எது உண்மை என்று எனக்கு எப்படித் தெரியும்?” என்றார்.

வாயில் வந்ததைச் சொன்னேன். “அந்த அம்மாளுக்கு ஆங்கிலம் கேட்டால் புரியும். காலையில் என் பிழையைக் கண்டுபிடித்தவரே அவர்தான். சாட்சியை மறுபடி விசாரியுங்கள். நான் மொழிபெயர்ப்பதை அவர் கேட்டுக்கொண்டிருக்கட்டும்.”

குற்றம் சாட்டப்பட்டவளைத் துபாஷிக்குக் காவல் போடுவதா என்று போலீஸ் தரப்பில் ஆட்சேபித்தார்கள். துரைக்கும் சிரிப்பு வந்திருக்க வேண்டும், மீசை அசைந்தது. ஆனாலும் ஒத்துக்கொண்டார். நான் சொல்வது தவறென்றால் அவள் கையைத் தூக்கட்டும் என்றார். அதை ஆரோக்கியம் அம்மாளுக்கு நான்தான் தமிழில் சொன்னேன்.

“சரி ஐயா” என்றார். அவ்வளவுதான்.

சின்னப்பன் மறுபடி ஏறினார். இந்த முறை துரையே கேள்வி கேட்டார்.

“சங்கிலியை எடுத்ததை நீ பார்த்தாயா?”

“நான் எங்க தொரே பாத்தேன்? மாலி சொல்லிக்கினு திரிஞ்சான்.”

“நீ அதை நம்புகிறாயா?”

“நம்பினா சிரிச்சிக்கினே சொல்லுவேனா? அந்தக் கொழந்தைக்கு ஜுரம் வந்தா இது மூணு நாளு சோறு துன்னாது. இது போயி திருடிச்சாம்!”

ஒவ்வொரு சொல்லையும் உமியோடும் தவிட்டோடும் சேர்த்துச் சொன்னேன். ‘திருடிச்சாம்’ வந்த இடத்தில், சாட்சி இதை ஏளனமாகச் சொல்கிறார், அவர் குரலில் அது தெரிகிறது என்றும் சேர்த்தேன். ஆரோக்கியம் அம்மாளின் கை கூண்டின் கம்பிமேலேயே இருந்தது. எனக்கு உயிர் வந்தது.

போலீஸ் தரப்பு விடவில்லை. அன்று காலை ஆயா குழந்தையின் அறைக்குள் போனதுண்டா என்று கேட்டார்கள்.

சின்னப்பன் கொஞ்சம் தயங்கினார். “போச்சு. கதவ சாத்திக்கிச்சு. நான் பாத்தேன்” என்றார்.

இப்போது நான் செய்ததைக் கேளுங்கள். காலையில் செய்த பாவத்தைக் கழுவ வேண்டும் என்ற வேகம். அந்த அம்மாளை எப்படியாவது காப்பாற்றிவிட வேண்டும். அறைக்குள் போனதாகச் சொல்லப்படுகிறது என்று மொழிபெயர்த்தேன். காலையில் இருந்த ‘ஆம்’களை எடுத்தேன், இப்போது இல்லாத ‘ஆம்’ ஒன்றைச் சேர்த்தேன்.

ஆரோக்கியம் அம்மாள் கையைத் தூக்கினார்.

மண்டபம் முழுவதும் அவரைப் பார்த்தது. அவர் என்னைப் பார்த்தார்.

“அத அவரு பாத்தாரு ஐயா. நான் போனேன், கதவயும் சாத்தினேன். கொழந்த தூங்கிச்சு, அதான் சாத்தினேன். பாத்தத பாத்தாருன்னே சொல்லுங்க. எனக்காக மாத்தாதீங்க.”

துரை கேட்பதற்கு முன்பே சொல்லிவிட்டேன். அவர் சொன்னது முழுவதையும் சொன்னேன், ‘எனக்காக மாத்தாதீங்க’ என்பதையும் சேர்த்து.

துரை பேனாவைக் கீழே வைத்தார். “உன் வேலை உன்னைவிட அவளுக்கு நன்றாகத் தெரிகிறது” என்றார். கோர்ட்டில் சிரித்தார்கள். எனக்கு அந்தச் சிரிப்பு வலிக்கவில்லை என்று சொன்னால் நம்ப வேண்டும். நூறு பேர் எதிரில் அவமானப்பட்டு, அதோடு மூச்சும் விட முடிந்த நாள் அது ஒன்றுதான்.

கண்ணால் பார்த்த சாட்சி யாரும் இல்லை, பார்த்ததாகச் சொன்ன மாலியைக் காணோம், தனக்குப் பாதகமானதையும் ஒளிக்காத ஒருத்தியை இந்தச் சாட்சியத்தை வைத்துக்கொண்டு தண்டிக்க மாட்டேன் என்று சொல்லித் துரை அந்த அம்மாளை விடுவித்தார். என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டு ஐந்து நிமிஷம் வறுத்தெடுத்தார். கடைசியில், “இனிமேல் எனக்கு உமியும் தவிடும் வேண்டும்” என்றார். இரண்டு மாதம் கழித்து வேலை நிரந்தரமாயிற்று. பெஷ்கார் பாபுவின் வீட்டுக்குச் சந்தேஷ் இனிப்பு வாங்கிக்கொண்டு போனேன். அந்த ஒரு நிமிஷத்துக்கு நன்றி சொன்னேன். கட்டு கைதவறி விழுந்தது, அவ்வளவுதான் மொஷாய் என்றார்.

சங்கிலி என்ன ஆயிற்று என்று எனக்குத் தெரியாது.

விடுதலையான மறுநாள் ஆரோக்கியம் அம்மாள் கோர்ட் வாசலில் எனக்காகக் காத்திருந்தார். என்னைத் திட்டத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். அவர் கேட்டதோ ஒரு கடிதம். ஆயாக்களுக்குச் சிட்டுகள்தான் உயிர். வேலை பார்த்த வீட்டுக்காரர்கள் நல்லவள் என்று எழுதிக் கொடுக்கும் காகிதங்கள். அவை இல்லாவிட்டால் அடுத்த வீட்டுப் படி ஏற முடியாது. அவருடைய சிட்டுகள் பாலிகஞ்ச் துரைசாணியிடம் மாட்டிக்கொண்டிருந்தன. திருப்பித் தரச் சொல்லி எழுத வேண்டும்.

வாசல் மரத்தடியில் பலகையை மடியில் வைத்துக்கொண்டு எழுதினேன். ‘சங்கிலியைத் திருடியதாகச் சொல்லப்பட்டு விடுவிக்கப்பட்ட ஆரோக்கியம்’ என்று ஆரம்பித்து, அதைப் படித்தும் காட்டினேன். ஒரு நாளில் நான் எவ்வளவு ஜாக்கிரதையாகிவிட்டேன் என்று காட்டுவதில் எனக்கு ஒரு பெருமை.

அந்த அம்மாள் யோசித்தார்.

“அது எதுக்கு ஐயா? தொரைதான் இல்லன்னுட்டாரே. இன்னும் அந்தப் பேச்சு என் பேருக்கு முன்னால நிக்கணுமா?”

“பின்னே எப்படி எழுத?”

“கொழந்தய மூணு வருசம் வளத்தவன்னு எழுதுங்க. அது நெசம்தான?”

காகிதத்தைக் கிழித்துவிட்டு வேறொன்றில் எழுதினேன். தீர்ந்துபோன பழியை ‘சொல்லப்பட்ட’ என்று போட்டு உயிரோடு வைத்திருப்பதும் பழிதான் என்று நான் கற்றுக்கொண்டது அந்த மரத்தடியில். சட்டப் புத்தகத்தில் அதைத் தேடாதீர்கள், கிடைக்காது.

நாலு நாளில் சின்னப்பன் மூலமாகச் சிட்டுகள் வந்து சேர்ந்தன. பழைய காகிதங்கள் இரண்டு, புதிதாக ஒன்று. புதியதைப் படிக்கச் சொல்லி அந்த அம்மாள் என்னிடம் நீட்டினார். துரைசாணி மூன்றே வரி எழுதியிருந்தார். மன்னிப்பு என்ற சொல் அதில் இல்லை. மூன்று வருஷம் எங்களிடம் இருந்தாள், சுத்தமானவள், குழந்தையிடம் மிகவும் பிரியமானவள் என்று இரண்டு வரி. மூன்றாவது வரி சிட்டில் வழக்கமாக யாரும் எழுதாதது. குழந்தை தினமும் இவளைக் கேட்கிறது.

“அத மட்டும் இன்னொருதபா படிங்க ஐயா” என்றார்.

படித்தேன். மறுபடியும் கேட்டார். மறுபடியும் படித்தேன். ஒரு சொல்கூடக் கூட்டவில்லை, குறைக்கவில்லை.

நான் என் தவறுக்கு மன்னிப்புக் கேட்டேன். அவருக்கு அது காதில் விழுந்ததோ இல்லையோ. “புள்ளத்தாச்சி வீட்ல கீறாங்களாமே, பெஷ்கார் பாபு சொன்னாரு. நல்லபடியா பெத்துப் பொழைக்கட்டும்” என்று சொல்லிவிட்டுக் காகிதங்களைத் துணியில் சுற்றிக்கொண்டார்.

பிறகு அவர் ரங்கூனுக்குப் போகும் ஒரு குடும்பத்தோடு கப்பலேறினாராம். இல்லை, சிலோனுக்கு என்றும் சொன்னார்கள். நான் விசாரித்து உறுதிசெய்துகொள்ளவில்லை. இத்தனை வருஷம் கோர்ட்டில் என் முன்னால் சாட்சி சொன்ன ஆயிரம் பேருடைய வார்த்தைகள் ஓரளவு பழுதில்லாமல் போய்ச் சேர்ந்திருந்தால், அதற்கு நான் நன்றி சொல்ல வேண்டியது அவருக்கு. அதைச் சொல்ல எனக்கு வாய்க்கவில்லை. அன்று மூன்று சிட்டுகளை மார்போடு அணைத்துக்கொண்டு அந்த அம்மாள் படகுத்துறைப் பக்கம் நடந்து போனார். அதை நான் பார்த்தேன்.